படைக்கு முதலில் சோறு: யூரோப்பா யுனிவர்சாலிஸ் நான்கில் படை நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை இரவானால் மூன்று மடிக்கணினிகள் திறந்திருக்கும். சில கிழமைகளில் ஐந்து. ஆரையம்பதி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். வர முடியாதவர்கள் தொலைபேசியில் கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஆட்டம் ஒன்றுதான்: யூரோப்பா யுனிவர்சாலிஸ் நான்கு. வணிகம், சமயம், அரச குடும்பங்களுக்குள் சம்பந்தம், கடல் கடந்த குடியேற்றம் என்று அதில் ஆயிரம் அலுவல் இருக்கிறது. ஆனாலும் என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் படையைப் பற்றியவைதான். அதே பதில்களைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

ஆட்டம் ஆங்கிலத்தில் ஓடுவதால், திரையில் தெரியும் சொல்லையும் நாங்கள் புழங்கும் தமிழ்ச் சொல்லையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

இது சுட்டுத் தள்ளும் ஆட்டமா?

இல்லை. சுவீடனின் பாரடொக்ஸ் நிறுவனம் 2013 ஓகஸ்டில் வெளியிட்டது. 1444 நவம்பர் 11ஆம் திகதியின் உலகப்படத்தை முன்னால் விரித்து, ஒரு நாட்டைத் தெரிவுசெய்யச் சொல்லும். அங்கிருந்து 1821 வரை நாள் நாளாக நகரும். நீங்கள் துப்பாக்கி தூக்குவதில்லை, ஒரு சிப்பாயின் முகத்தைக்கூடக் காண்பதில்லை. இன்ன படை இன்ன மாகாணத்துக்குப் போகட்டும் என்று சொல்வதோடு உங்கள் வேலை முடிந்தது. சண்டை தானாக நடக்கும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இது: நீங்கள் தளபதி அல்ல, வட்டை விதானை, அதாவது வயல்வெளியின் மேற்பார்வையாளர். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர், எவருடைய வரம்பு உடைந்து கிடக்கிறது, எவர் கூலி கேட்டு வந்து நிற்கிறார் என்று பார்க்கிற வேலை. இதில் சுவை காணாதவர்களுக்கு இந்த ஆட்டம் இரண்டு மணி நேரத்தில் கசந்துவிடும்.

ஐந்தாம் பதிப்பு 2025 நவம்பரில் வந்துவிட்டது. எங்கள் மடிக்கணினிகள் அதைத் தாங்கா. இங்கே எழுதுவது முழுவதும் நான்காம் பதிப்புக்குத்தான்.

ஆட்டத்தைத் திறந்ததும் படையோடு முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்ய வேண்டாம். ஸ்பேஸ் விசையை அழுத்தி நேரத்தை நிறுத்திவிட்டு, மூன்று எண்களைப் பாருங்கள். முதலாவது ஆட்பலம். திரையில் மேன்பவர் என்று வரும். புதிய படைப்பிரிவு எழுப்பவும், செத்தவர்களின் இடத்தை நிரப்பவும் இதிலிருந்துதான் ஆள் எடுக்கப்படும். இந்தக் குளம் முற்றாக வற்றினால் மறுபடி நிரம்பப் பத்து ஆண்டுகள் ஆகும். இரண்டாவது படை வரம்பு, ஃபோர்ஸ் லிமிட். அதற்கு மேல் படை வைத்திருந்தால், கூடிய பிரிவுக்கு மட்டுமல்ல, முழுப் படைக்குமே செலவு ஏறும். மூன்றாவது மாதாந்தப் பண மீதி.

பிறகு படைச் செலவுக் கட்டையைப் பாருங்கள். இடப் பக்கம் இழுத்தால் சம்பளம் குறையும், படையின் மனவுறுதியும் குறையும். சமாதான காலத்தில் இழுத்து வைத்துப் பணம் சேர்ப்பதில் தவறில்லை. தவறு எங்கே நடக்கிறது என்றால், காத்தான்குடி நானா ஒருவர் செய்தது போல, கட்டையைக் கீழேயே விட்டுவிட்டு அயல்நாட்டோடு போர் அறிவிப்பதில். கட்டையை மேலே தள்ளினாலும் மனவுறுதி ஒரே நாளில் வந்துவிடாது, மாதங்கள் பிடிக்கும். அவருடைய படை முதல் சண்டையில் நின்றது ஒரு கிழமைகூட இல்லை. "சம்பளம் போடாமல் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறேன்" என்று அவரே சிரித்தார்.

என்னிடம் 40,000 பேர், எதிரியிடம் 25,000 பேர். நான் தோற்றேன். ஆட்டம் ஏமாற்றுகிறதா?

ஏமாற்றவில்லை. சண்டை முடிந்ததும் வரும் பலகையைக் கோபத்தில் மூடிவிடாமல் ஒருமுறை படியுங்கள். பதில் அநேகமாக அதிலேயே கிடக்கும்.

முதலில் இடம். ஒவ்வொரு கட்டச் சண்டைக்கும் இரு பக்கத்துக்கும் 0 முதல் 9 வரை ஒரு பகடை விழும். மலை மாகாணத்துக்குள் ஏறித் தாக்குபவருக்கு அதில் 2 கழியும். குன்று, காடு, சதுப்பு என்றால் 1. ஆறு கடந்து போய்த் தாக்கினால் இன்னும் 1. கப்பலிலிருந்து இறங்கிய கையோடு தாக்கினால் 2. மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போகக் குருமண்வெளியில் இயந்திரப் பாதை (ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை) ஏறியவர்களுக்கு இது உடனே விளங்கும். மோட்டார் சைக்கிளோடு நெருக்கியடித்துக்கொண்டு நீங்கள் பாதையில் நிற்கிறீர்கள், மண்டூர்க் கரையில் ஒருவன் தடியோடு காத்திருக்கிறான். அந்த நிலைமைக்குத்தான் ஆட்டம் ஒன்றைக் கழிக்கிறது. மலையும் ஆறும் சேர்ந்தால் 3 போய்விடும். உச்சமே 9 ஆன பகடையில் 3 என்பது கொஞ்சமல்ல. ஆற்றுக் கழிவுக்கு மட்டும் ஒரு மாற்று உண்டு: உங்கள் தளபதியின் நகர்வுத் திறன், அதாவது மனூவர் புள்ளி, எதிரித் தளபதியுடையதைவிடக் கூடியதாக இருந்தால் அது கழியாது.

பொதுவாக, மாகாணத்துக்கு யார் முதலில் வந்து நிற்கிறாரோ அவர்தான் காப்பவர். பின்னால் வருபவர் தாக்குபவர். ஆகவே எதிரி வரும் வழியில் உள்ள மலையை முன்கூட்டியே பிடித்து உட்கார்ந்துவிட்டு, அவனை வரவிடுங்கள். இவ்வளவு எளிய விடயத்தை எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் ஆட்கள் ஓடிப்போய்த்தான் அடிப்பார்கள்.

அடுத்தது போர் அகலம், காம்பட் வித். ஒரு முன்வரிசையில் எத்தனை படைப்பிரிவு நிற்கலாம் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. தொடக்க காலத்தில் அது ஒடுக்கம். இராணுவத் தொழில்நுட்பம் ஏற ஏற விரிந்து, கடைசிக் காலத்தில் 40ஐத் தொடும். மலையிலும் காட்டிலும் சுருங்கும். ஒரு படைப்பிரிவு என்பது 1,000 பேர். நீங்கள் கொண்டுபோன 40 பிரிவுகளில் பாதிக்கு முன்வரிசையில் இடமே கிடைத்திருக்காது. வரப்பில் நடக்கும்போது பின்னால் நூறு பேர் வந்தாலும் முன்னால் போகிறவன் ஒருவன்தானே. பின்னால் நிற்பவர்கள் சும்மா நிற்பதும் இல்லை. முன்வரிசை அடிவாங்குவதைப் பார்த்து அவர்களுடைய மனவுறுதியும் மெல்ல வடியும். கூடுதலான ஆட்களைப் பக்கத்து மாகாணத்தில் தனிப்படையாக நிறுத்தி, சண்டை தொடங்கிச் சில நாட்கள் கழித்து உள்ளே விடுவது இதைவிட நல்லது.

மூன்றாவது தளபதி. தளபதி இல்லாத படையை எதிரியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது பெரிய பாவம். 50 இராணுவப் புள்ளி கொடுத்தால் ஒருவர் கிடைப்பார். சண்டை மூன்று நாள் சூட்டுக்கட்டம், மூன்று நாள் மோதல்கட்டம் என்று மாறி மாறி நடக்கும். சூடுதான் முதலில். மோதலில் வல்ல தளபதி தொடக்க நூற்றாண்டுகளில் பொன். துப்பாக்கியும் பீரங்கியும் பெருகிய பிறகு சூட்டில் வல்லவரைத் தேடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தோற்றால் இராணுவத் தொழில்நுட்ப எண்ணை ஒப்பிடுங்கள். எதிரி இரண்டு படி மேலே இருக்கக்கூடும். அப்படியானால் சண்டையைத் தள்ளிப்போட்டிருக்க வேண்டும்.

சண்டையே நடக்கவில்லை, ஆனால் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். ஏன்?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு வழங்கல் வரம்பு உண்டு, திரையில் சப்ளை லிமிட். அந்த மண் எத்தனை படைப்பிரிவுக்குச் சோறு போடும் என்ற கணக்கு அது. செழித்த மாகாணம் கூடுதலாகத் தாங்கும், பாலையும் மலையும் குறைவாகத் தாங்கும். குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் வரம்பு விழும். இந்தியப் பக்கத்தில் மழைக்காலமும் அதே வேலையைச் செய்யும். மாரியில் வயல் பாதையில் உழவு இயந்திரம் புதைந்து நின்றதைப் பார்த்தவருக்கு மேலும் விளக்கம் தேவையில்லை. வரம்பைத் தாண்டிப் படை நின்றால் மாதந்தோறும் ஒரு விகிதம் ஆட்கள் சாவார்கள். இதுதான் தேய்வு, அட்ரிஷன். வழக்கமாக இதன் உச்சம் மாதம் 5 விழுக்காடு.

ஐந்துதானே என்று நினைக்காதீர்கள். 40,000 பேர் ஆறு மாதம் அந்த உச்சத்தில் நின்றால் மிஞ்சுவது ஏறக்குறைய 29,400 பேர். பத்தாயிரத்துக்கு மேல் போய்விட்டது, ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. அதைவிடக் கள்ளத்தனமான பகுதி இன்னொன்று. செத்தவர்களின் இடத்துக்கு ஆட்டம் ஆட்பலக் குளத்திலிருந்து ஆளை அனுப்பிக்கொண்டே இருப்பதால், படையின் எண் பெரிதாகக் குறைந்தது போலத் தெரியாது. குளம்தான் வற்றும். அதைக் கவனிப்பவர் நம்மில் எவரும் இல்லை. போர் முடிந்து பார்க்கும்போது மேலே பூச்சியம் என்று இருக்கும்.

இந்த ஆட்டத்தை அமைத்தவர்கள் வரலாற்றை ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள் என்று நான் நம்புவதற்கு இந்த ஒரு விதியே காரணம். 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டி நகருக்குள் ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் நுழைந்தார்கள். மன்னன் நகரை விட்டு விலகிவிட்டிருந்தான். பிறகு காய்ச்சல் வந்தது, உணவு வரத்து அறுந்தது, அங்கே விட்டுவைத்த காவற்படை படுக்கையிலேயே கரைந்தது. அந்தக் காவற்படையின் தலைவர் மேஜர் டேவி ஜூன் 24ஆம் திகதி சரணடைந்தபோது அவரிடம் நின்று சண்டைபிடிக்கக்கூடிய ஆட்கள் மிகச் சிலர். கண்டியர்கள் கடைப்பிடித்த தந்திரம் பழையது: நகரைக் கொடு, பாதையை மூடு, மழைக்கும் நுளம்புக்கும் வேலையை விடு. ஆட்டத்தில் உங்கள் எதிரி சிறிய மலைநாடு என்றால் இதை அவன் உங்களுக்குச் செய்வான். நீங்கள் சிறிய மலைநாடு என்றால் நீங்கள் அவனுக்குச் செய்யுங்கள்.

செய்முறை என்னவென்றால், படையை மாகாணத்தின் மீது விடுமுன் சுட்டியை அங்கே வைத்து வரம்பைப் பாருங்கள். வரம்பு 20 என்றால் 18 பிரிவோடு போங்கள். மிச்சத்தை அயல் மாகாணங்களில் பரப்பி வையுங்கள். படையின் பக்கத்தில் சிறிய மண்டையோடு தெரிந்தால் அங்கே ஆள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அப்படியானால் படையைப் பல துண்டாகப் பிரித்து வைப்பதுதான் சரியா?

நடக்கும்போது பிரியுங்கள், அடிக்கும்போது சேருங்கள். சொல்ல எளிது. சேர வேண்டிய நாளில் சேராமல் போனால் என்னவாகும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது.

1804 செப்டெம்பரில் ஆங்கிலேயப் படையின் கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் மட்டக்களப்பிலிருந்து சுமார் 300 பேரோடு கண்டிக்குப் புறப்பட்டார். வேறு பல இடங்களிலிருந்தும் படைகள் கிளம்பி ஒரே நேரத்தில் கண்டியில் கூடுவது என்பதுதான் திட்டம். திட்டம் பிறகு கைவிடப்பட்டது. ஆனால் அவருக்குப் போன கட்டளை தெளிவில்லாததால் அவர் மட்டும் நடந்துகொண்டே இருந்தார். காடும் மலையும் கடந்து ஒக்டோபரில் கண்டிக்குள் போய்ச் சேர்ந்து பார்த்தால் அங்கே வேறெவரும் இல்லை. சுற்றிலும் கண்டியப் படை. இரண்டு மூன்று நாள் காத்திருந்துவிட்டு, வழி நெடுகச் சூடு வாங்கிக்கொண்டு திருகோணமலைக்குப் பின்வாங்கினார். அவர் உயிரோடு கரை சேர்ந்ததே அதிசயம்.

ஆட்டத்திலும் இதே விபத்து வாரந்தோறும் நடக்கிறது. மூன்று படைக்கும் ஒரே மாகாணத்தைச் சொடுக்கிவிட்டால் மூன்றும் ஒன்றாக வந்துசேரும் என்று நினைக்கிறார்கள். தூரம் வேறு, நிலம் வேறு, வந்துசேரும் நாளும் வேறு. படையைச் சொடுக்கினால் சேரும் திகதி தெரியும். அதைப் பார்த்து, கிட்ட நிற்கும் படையைத் தாமதித்து அனுப்புங்கள். பாதி வழி தாண்டிய படையைத் திருப்பி அழைக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவர் 8,000 பேரை இப்படி எதிரியின் 30,000 பேருக்கு நடுவில் தனியாக இறக்கினார். அன்றிலிருந்து அவருக்கு எங்கள் விறாந்தையில் பெயர் ஜோன்ஸ்டன்.

எத்தனை காலாள், எத்தனை குதிரை, எத்தனை பீரங்கி?

முன்வரிசை நிரம்பும் அளவுக்குக் காலாட்படை. இரண்டு ஓரத்திலும் இரண்டு அல்லது நான்கு குதிரைப் பிரிவு. பணமில்லாத நாட்டுக்கு அதுவும் வேண்டாம், ஏனென்றால் அடிப்படை விலை காலாளுக்கு 10 டக்கட் (ஆட்டத்தின் நாணயம்), குதிரைக்கு 25. பாதிக்கு மேல் குதிரையாகிவிட்டால் படையின் போர்த்திறன் விழும். நாடோடி நாடுகளுக்கு விதி வேறு.

பீரங்கி இராணுவத் தொழில்நுட்பம் 7இல் வரும், விலை 30. பின்வரிசையில் நின்றபடியே சுடும், முன்னால் நிற்பவருக்குக் கொஞ்சம் காப்பும் தரும். முன்வரிசை உடைந்து பீரங்கி முன்னுக்கு வந்துவிட்டால் இரட்டிப்பாக அடிவாங்கும். அதனால் காலாளின் எண்ணிக்கையைச் சுருக்கிப் பீரங்கி வாங்காதீர்கள். தொடக்கத்தில் கோட்டை முற்றுகைக்கு மட்டும் சில பீரங்கி. பின்வரிசை முழுவதையும் நிரப்புவது நடு ஆட்டத்துக்குப் பிறகு.

ஒரு கோட்டையின் முன்னால் இரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். விழவே இல்லை.

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் முன்பு கச்சேரி இயங்கிய கோட்டைப் பக்கம் ஏதாவது அலுவலாகப் போனால், அடுத்த முறை சற்று நின்று பாருங்கள். போர்த்துக்கீசர் 1628இல் கட்டியது. இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. இதைப் பட்டினி போட்டு விழுத்துவதென்றால் தரையை மட்டும் மறித்தால் போதாது. 1638 மே 18ஆம் திகதி அது விழுந்தது. தரையிறக்கிய ஒல்லாந்தப் பீரங்கிகளும், ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டின் கப்பல்களும், இரண்டாம் இராஜசிங்கனின் கண்டிப் படையும் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் விழுந்தது. அதற்கு முந்திய மார்ச்சில் கன்னொறுவையில் போர்த்துக்கீசப் படை அழிந்திருந்ததால், உதவிக்கு வர அவர்களிடம் படையும் இல்லை.

ஆட்டத்தில் முற்றுகை அநேகமாக இப்படித்தான். ஏறக்குறைய 30 நாளுக்கு ஒருமுறை பகடை விழும். கோட்டையின் தரம் அதில் கழியும். உங்கள் பீரங்கியும் தளபதியின் முற்றுகைத் திறனும் கூடும். கடலோரக் கோட்டையைக் கப்பலால் மறிக்காவிட்டால் 2 கழியும். நம் ஆட்கள் இரண்டு ஆண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பெரும்பாலும் இந்த 2தான் காரணம். பத்துக் கப்பலைத் துறைமுகத்தில் கட்டிவைத்துவிட்டுத் தரையில் நின்று பல்லைக் கடிக்கிறார்கள். காவலாளிகளைவிடக் கூடுதலான ஆட்கள் முற்றுகையில் நிற்கவும் வேண்டும். இல்லாவிட்டால் முற்றுகை நகரவே நகராது.

பகடையில் 1 விழுந்தால் முற்றுகையிட்டவர் பாசறையில் நோய் பரவும். மண்டையோட்டைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்குள்ளேதான் சாகிறார்கள் என்று மகிழ்ந்தவர்களும் உண்டு.

முழுப் படையையும் ஒரே கோட்டையில் குந்தவைக்காதீர்கள். தேவையான அளவை விட்டுவிட்டு மிச்சத்தைக் கிட்ட நிறுத்தினால், மீட்க வரும் எதிரியையும் பிடிக்கலாம், சோற்றுச் செலவும் குறையும்.

பணம் போதவில்லை. கடன் வாங்கிப் போர் செய்யலாமா?

செய்யலாம். பெரும்போகம் தொடங்கும்போது நகையை அடகு வைத்து விதைநெல்லும் பசளையும் வாங்கி, சூடடித்ததும் மீட்கிறோம். அதே கணக்கு. வெற்றிக்குப் பிறகு வரும் போர் இழப்பீட்டுப் பணம்தான் விளைச்சல். அது நிச்சயம் என்றால் அடகு வைப்பதில் வெட்கமில்லை. வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று யோசிக்காமல் வைப்பதுதான் பிழை. கடனுக்கு மேல் கடன் ஏறி வங்குரோத்து அறிவிக்க நேர்ந்தால் படையின் மனவுறுதி சரிந்து, அயல்நாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் எட்டிப் பார்க்கும்.

கூலிப்படை கொஞ்சம் வேறு. அவர்கள் சாவது உங்கள் ஆட்பலக் கணக்கில் சேராது. அதற்காகவே விலை கூட. 2020இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு தனித்தனிப் பிரிவாக அல்ல, முழு அணியாகத்தான் அமர்த்த முடியும். முற்றுகைக்கும் தேய்வு கூடிய மண்ணுக்கும் கூலிப்படையை அனுப்பி, சொந்தப் படையைச் சண்டைக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம். போர் முடிந்த அன்றே கலைத்துவிடுங்கள். ஒரு மாதம் மறந்தால் உண்டியல் காலி.

எப்போது பின்வாங்க வேண்டும்?

முதல் 12 நாளுக்குள் முடியாது. அந்த 12 நாளுக்குள் மனவுறுதி பூச்சியமாகி, எதிரி உங்களைவிட இரண்டு மடங்காகவும் இருந்தால் உங்கள் படை முழுவதுமாக அழியும், ஓர் ஆள்கூட மிஞ்சமாட்டான். தொடக்கத்திலேயே பத்து மடங்கு என்றால் சண்டைகூட நடக்காது. 13ஆம் நாள் வந்துவிட்டது, மனவுறுதிக் கோடு எதிரியுடையதைவிட வேகமாக இறங்குகிறது என்றால் உடனே விலகுங்கள். தோற்ற படை தப்பினால் சில மாதத்தில் மறுபடி படைதான். அழிந்த படைக்கு ஆட்பலமும் பணமும் ஆண்டுக் கணக்கில் தேவை. கல்முனை நண்பர் ஒருவர் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு கடைசிவரை நிற்பார். அவரோடு கூட்டுச் சேர்ந்து ஆடுவதை நான் நிறுத்திக்கொண்டேன்.

கூட்டணி நாட்டுப் படையை நம்பலாமா?

வரும். நீங்கள் எதிர்பார்த்த இடத்துக்கு வராது. உங்களோடு ஒட்டிக்கொண்ட கூட்டணிப் படை வழங்கல் வரம்பையும் சேர்த்துத் தின்னும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

நம் தீவிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கலாமா?

கோட்டே அரசை எடுக்கலாம். 1444இல் அங்கே ஆறாம் பராக்கிரமபாகு ஆண்டுகொண்டிருந்தார். ஆறு ஆண்டு கழித்து அவருடைய தளபதி செண்பகப் பெருமாள் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினான். சிங்களத்தில் சப்புமல் குமாரன். படிக்கவும் ஆடவும் சுவையான காலம். ஆனால் புதிதாக வருபவருக்கு வேண்டாம் என்பேன். படை வரம்பு சிறியது, ஒரு தோல்வி போதும், எழ முடியாது. கடல் கடப்பதற்கு ஒரு போக்குவரத்துக் கப்பலில் ஒரு படைப்பிரிவுதான் ஏறும், ஆகவே கப்பற் செலவும் சேரும். விஜயநகரத்தை எடுத்துப் பழகுங்கள். வடக்கே பாமினி அரசு என்று ஒரு நேரான எதிரி, கையில் போதிய ஆட்பலம், பிழைவிட இடமிருக்கும் நிலம். அங்கே இரண்டு மூன்று முறை தோற்றுவிட்டுத் தீவுக்கு வாருங்கள்.

போரைப் பார்த்த ஊரில் இருந்துகொண்டு போர் விளையாடுகிறீர்களே?

இதைக் கேட்டவர் என் மாமி. தேநீர் கொண்டுவந்து வைத்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "நாங்கள் பட்டது காணாது என்றா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அன்று ஒரு நீண்ட போர் முடிந்திருந்தது, இழப்புப் பட்டியல் திரையில் நின்றது. அதைக் காட்டி, சண்டையில் செத்தவர்கள் இவ்வளவு, நடந்தும் நோயிலும் செத்தவர்கள் இவ்வளவு என்று விளக்கினேன். இரண்டாவது எண்தான் பெரிது. மாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அதைச் சரியாகத்தான் போட்டிருக்கிறான்" என்றார். பிறகு, "ஊர்ச்சனத்தின் கணக்கு எங்கே?" என்று கேட்டார்.

அந்தக் கணக்கு ஆட்டத்தில் இல்லை. படை புகுந்த மாகாணத்துக்கு டெவஸ்டேஷன் என்று ஒரு விழுக்காடு ஏறும், அவ்வளவுதான். அது ஏறினால் வருமானம் குறையும் என்பதால் மட்டும் நாங்கள் அதைப் பார்ப்போம். மாமிக்கு அதையும் சொன்னேன். கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அயன்மேன் முறையில் ஆடுவது நல்லதா?

அயன்மேன் முறையில் ஒரே ஒரு சேவ் கோப்பு, அதையும் ஆட்டமே எழுதும். தோற்றால் பின்னுக்குப் போய்த் திரும்ப ஆட முடியாது. படை நடத்தக் கற்க அதைவிட நல்ல ஆசான் கிடையாது, ஏனென்றால் மேலே சொன்ன ஒவ்வொரு பிழைக்கும் முழு விலை கொடுப்பீர்கள். பயிற்சிக்கு முதல் ஐம்பது ஆண்டைச் சாதாரண முறையில் ஆடிவிட்டு மாறுங்கள். வேகத்தில் ஐந்து படி இருக்கிறது. போர்க்காலத்தில் மூன்றுக்கு மேல் போக வேண்டாம்.

மின்சாரம் மட்டும் கவனம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வெட்டு இருந்தபோது, மின்கலம் செத்த பழைய மடிக்கணினியில் ஆடிக்கொண்டிருந்தேன். ஆட்டம் கோப்பை எழுதிக்கொண்டிருந்த அந்த நொடியில் விளக்கு அணைந்தது. திரும்பத் திறந்தபோது 1683ஆம் ஆண்டு விஜயநகரம் இல்லை. எந்தப் பகைவனும் செய்யாததை அந்த ஒரு நொடி செய்துவிட்டது. இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டத்தை மூடியதும், டொக்யுமன்ட்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் சேவ் கோப்பை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து மேசை இலாச்சியில் போட்டுவிடுகிறேன். ஜோன்ஸ்டன் தம்பியின் கோப்பும் அதற்குள்தான் இருக்கிறது.